சவர்க்காரத் தண்ணீர்

இந்த ஊரில் மரங்களுக்கு இலக்கம் இருக்கிறது. தெருவோர மரம் ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்தில், தீப்பெட்டி அளவு அலுமினியத் தகடு ஒன்று அறையப்பட்டிருக்கும். நகரசபைக்கு அழைத்து அந்த இலக்கத்தைச் சொன்னால், அது என்ன இனம், எந்த வருடம் நட்டது, கடைசியாகக் கிளை கழித்தது எப்போது என்று மறுமுனையில் ஒருவர் வாசித்துச் சொல்வார். கனடாவுக்கு வந்த முதல் கிழமை, பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் அப்படியொரு தகட்டைக் கண்டேன். அது பஸ்ஸின் இலக்கம் என்று நினைத்தேன். வந்த பஸ் எதிலும் அந்த இலக்கம் இல்லாததால் மூன்று பஸ்களைப் போக விட்டேன். நான்காவது பஸ்ஸின் சாரதியிடம் தகட்டைக் காட்டிக் கேட்டபோது, "அது மரம்" என்றார் அவர், மிகவும் பொறுமையாக. அது மரம் என்பது எனக்கும் தெரியும். அந்த மரங்களைப் படிப்பதற்குத்தான் இரண்டு விமானம் மாறி வந்திருந்தேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் எனக்கு எந்த ஊர் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்ல நான் இன்னும் பழகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு, போர் நடந்த காலத்தில், மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது அதற்குப் பிறகு, கற்பிட்டிப் பக்கத்து முகாம் ஒன்றில், கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள். பல வருடங்கள் கழித்து வாப்பா குறிஞ்சிப்பிட்டியில் ஒரு துண்டுக் காணி வாங்கித் தென்னை வைத்தார். மன்னாருக்குப் போனால் நான் புத்தளத்துப் பிள்ளை. புத்தளத்தில் இன்றைக்கும் மன்னார்க்காரரின் மகள். இங்கே வந்தபின் சிறிலங்கா என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் "ஓ, தமிழா?" என்று அடுத்த கேள்வி வருகிறது. மொழி தமிழ்தான், ஆனால் என்று நான் தொடங்கி முடிப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிடும்.

என் ஆய்வைச் சொல்வது அதைவிடச் சுலபம். இங்கே ஆஷ் என்றொரு மரம் இருக்கிறது. ஒரே காம்பில் பல சிற்றிலைகள், ஓரளவு நமது வேம்பைப் போல. நெல்மணியைவிடச் சற்றுப் பெரிய பச்சை வண்டு ஒன்று கிழக்காசியாவிலிருந்து சரக்குப் பெட்டிகளின் பலகைக்குள் ஒளிந்து இந்தக் கண்டத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்குக் கீழே, மரத்துக்கு உணவு ஓடும் மெல்லிய படையைத் தின்று வளைந்து வளைந்து பாதை போடும். சில வருடங்களில் மரம் நின்றபடியே பட்டுப்போகும். வண்டின் சொந்த நாட்டில் உள்ள ஆஷ் இனங்கள் அப்படிச் சாவதில்லை. அவை தலைமுறை தலைமுறையாக அந்த வண்டோடு வாழ்ந்தவை. புழுவுக்கு ஒவ்வாத கசப்புகளைப் பட்டைக்குள் எப்போதும் தயாராக வைத்திருக்கின்றன. இங்குள்ள மரங்களுக்கும் அந்தக் கசப்பைச் செய்யத் தெரியும். ஆனால் கடிக்கிறது யார் என்று அவற்றுக்குப் புரிவதற்குள் காலம் கடந்துவிடுகிறது.

கடிபட்ட செடி தனக்குள்ளே எச்சரிக்கையாக அனுப்பும் ஒரு பொருள் உண்டு. அதன் ஒரு வடிவம் மல்லிகைப் பூவின் வாசனையிலும் இருக்கிறது. அதைப் பட்டையில் தெளித்தால், கடிபடாத மரமும் கடிபட்டதாக நினைத்துக் கசப்பைச் சுரக்கத் தொடங்கும். அது எவ்வளவு, எத்தனை நாளைக்கு, புழுவைத் தடுக்க அது போதுமா என்பவைதான் என் கேள்விகள். வீட்டு வளவுகளில் நின்ற நாற்பது மரங்களை உரிமையாளர்களின் சம்மதத்தோடு எடுத்துக்கொண்டோம். இருபது மரங்களுக்கு மல்லிகைத் தெளிப்பு. மற்ற இருபதுக்கு அந்தப் பொருள் இல்லாத வெறும் கரைசல், அதாவது தண்ணீரும், கை கழுவும் சவர்க்காரம் ஒரு துளியும். எந்த மரத்துக்கு எது என்பது உரிமையாளர்களுக்குத் தெரியாது. தெளிக்கிறவள் நான், எனக்குத் தெரியும்.

எங்கள் பட்டியலில் பதினேழாம் இலக்க மரம் லொரேனுடையது. லொரேனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாடசாலை பஸ் ஓட்டுகிறார். தனியாக இருக்கிறார். சுலைஹா என்ற என் பெயரை முதல் நாளே "ஸூ" என்று சுருக்கிக்கொண்டார். மரத்தை "அவள்" என்பார். நகரசபை ஆட்கள் வண்டு வருமுன் வெட்டிவிடலாம் என்று ஆலோசனை சொன்னபோது வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். நான் போகும் நாட்களில் பால் இல்லாத தேநீர் ஊற்றி வைப்பார். பிஸ்கட் பெட்டியைக் கொண்டுவந்து, அதில் எழுதியிருப்பதை என்னோடு சேர்ந்து கண்ணாடி போட்டு வாசித்து, பன்றிக் கொழுப்பு இல்லை என்று உறுதியான பிறகுதான் திறப்பார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வீடு அது என்று சொன்னால் மிகையில்லை.

முதல் கோடையில் ஒரு நாள் நான் மரத்தடியில் மல்லாந்து படுத்து, மேல்நோக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கிளைகளுக்கிடையில் எவ்வளவு வானம் தெரிகிறது என்பதை வைத்து மரத்தின் நலத்தை அளப்பது எங்கள் வழக்கம். லொரேன் படியில் நின்று, "இன்றைக்கு அவளுக்கு ஷொட் உண்டா?" என்று கேட்டார். ஷொட் என்றால் படம் என்று நான் விளங்கிக்கொண்டேன். என் கையில் கமரா இருந்தது, வேறு எதை நினைப்பேன்? "ஓம், ஒவ்வொரு முறையும் உண்டு" என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த முறை வந்தபோது கேக் செய்து வைத்திருந்தார். கேக்கின் காரணம் எனக்கு விளங்கவில்லை. இவர்களுடைய அன்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பது புரியாமல் நான் அப்போது பல விடயங்களை அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் வாப்பா வீடியோவில் வந்தார். குறிஞ்சிப்பிட்டிக் காணியில் நின்றுகொண்டு ஒரு தென்னோலையைக் கமராவுக்கு நேரே பிடித்தார். ஓலையின் மேற்புறம் முழுக்கக் கறுப்பு.

"பாருங்க மகள், எல்லா மரமும் இப்பிடித்தான். நுரைச்சோலை மின் நிலையத்துப் பக்கமிருந்து கரித்தூள் வருதெண்டு ஆக்கள் கதைக்கிறாங்க."

"கரித்தூள் இல்ல வாப்பா. ஓலைய மறுபக்கம் திருப்புங்க."

திருப்பினார். அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் கோடுகள், பஞ்சு போல. வெள்ளை ஈ. அது கழிக்கும் இனிப்பு நீரில் வளர்கிற பூசணம்தான் அந்தக் கறுப்பு. அந்த ஈயும் வேறு கண்டத்திலிருந்து நம் தீவுக்கு வந்ததுதான். அதை விளக்கப் போய், நான் படித்த தமிழில், "இது ஒரு ஆக்கிரமிப்புப் பூச்சி வாப்பா" என்றேன்.

வாப்பா ஓலையைப் பிடித்தபடியே நின்றார். படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். பின்னால் ஒரு கோழி நடந்து போனது.

"அந்தச் சொல்லு வேணாம் மகள்" என்றார். "இது எப்பிடி வந்ததாம்?"

"செடியோட, கப்பல்ல வந்திருக்கும்."

"அப்ப அதுவும் கேட்டு வரல்ல."

முகாமில் இருந்த காலத்தில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நாட்களில் பக்கத்து ஊர்ப் பெண்களும் வாளியோடு வருவார்கள். அவர்களில் ஒருத்தி என் உம்மாவின் வாளியைக் காலால் தள்ளிவிட்டு, "வந்த ஆக்கள் கடைசியா நில்லுங்க" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதே பெண், நான் அம்மை போட்டுக் கிடந்தபோது வேப்பிலையும் இளநீரும் கொண்டுவந்து கொட்டிலுக்குள் வைத்துவிட்டுப் பேசாமல் போனதும் நினைவிருக்கிறது. இந்த இரண்டில் எதை அவருடைய முகமாக எடுத்துக்கொள்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை. இப்போது ஆய்வுகூடத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தச் சொல்லின் ஆங்கிலத்தைச் சொல்கிறேன், எழுதுகிறேன். இந்த மண்ணுக்குரியது, இந்த மண்ணுக்குரியதல்லாதது என்று அட்டவணையில் இரண்டு நிரல்கள். பூச்சி வேறு, மனிதர் வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. லொரேனின் மரத்தைத் தின்பது பூச்சிதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் வாப்பா அந்தச் சொல்லை வேண்டாம் என்ற பிறகு அதைத் தட்டச்சுச் செய்யும் ஒவ்வொரு முறையும் விரல் ஒரு கணம் தயங்கியது.

"சரி மகள், இதுக்கு என்னா அடிக்கிறது? நீங்க மரத்து டொக்டர்தானே" என்றார் வாப்பா. எனக்குத் தென்னையைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நஞ்சு அடித்தால் அந்த ஈயைத் தின்னும் சின்னக் குளவிகளும் சாகும் என்பது பொதுவாகத் தெரியும். அதனால், "நஞ்சு வேணாம். எட்டுற ஓலைக்கெல்லாம் அடியில சவர்க்காரத் தண்ணீர் அடிங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான், ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக நான் லொரேனின் மரத்துக்கு அடித்துவரும் அதே தண்ணீரைத்தான் வாப்பாவுக்கு மருந்தாகச் சொல்லியிருக்கிறேன் என்பது உறைத்தது. பிழையாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் சரியாகச் சொன்னேன் என்ற நிம்மதியும் வரவில்லை.

மூன்றாவது வசந்தத்தில் பதினேழாம் இலக்கத்தின் உச்சியில் இலை வரவில்லை. மரங்கொத்திகள் பட்டையைக் கொத்தி உரித்திருந்தன. அவை புழுவைத் தேடி வருபவை. அவை வந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். அடிமரத்தில் வண்டு வெளியேறிய அரைவட்டத் துளைகளை நான் எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தபோது லொரேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஸூ, இரண்டு வருடமாக ஷொட் போடுகிறாய். எப்போது வேலை செய்யத் தொடங்கும்?"

எண்ணிக்கொண்டிருந்த துளை எத்தனையாவது என்பது மறந்துபோனது. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்காரர் கூலிக்கு ஆள் வைத்துத் தன் ஆஷ் மரத்தின் அடியில் ஊசி மருந்து ஏற்றுவதைப் போன கோடையில் பார்த்திருந்தேன். அதற்கு இங்கே ஷொட் என்றுதான் சொல்கிறார்கள். மரத்துக்கு ஊசி. இரண்டு வருடங்களாக லொரேன் கேட்டது அதைத்தான். இரண்டு வருடங்களாக நான் ஓம் என்று சொன்னதும் அதற்குத்தான்.

அன்று, பேராசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனேன். பேராசிரியர் நல்ல மனிதர். கோப்பிலிருந்து லொரேன் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்து, உங்கள் மரத்துக்குப் பாதுகாப்புக் கிடைக்காமலும் போகலாம் என்ற வரியைக் காட்டினார். நாங்கள் பிழை எதுவும் செய்யவில்லை என்றார். இந்தக் கோடையோடு அளவீடு முடிகிறது, அதுவரை எந்த மரத்துக்கு எது என்று சொல்லாமல் இருப்பதுதான் முறை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "முறையைத்தான் சொன்னேன். நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை" என்றார். அவருடைய ஆங்கிலத்தில் அது அனுமதியா, எச்சரிக்கையா என்று எனக்குப் பிடிபடவில்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் பிடிபட்டிருக்குமோ தெரியாது.

மூன்று நாட்கள் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. சொன்னால் ஒரு மரத்தின் தரவு போகும், ஒருவேளை ஆய்வின் பெயரும் கெடும், என் புலமைப்பரிசிலும் விசாவும் அதில்தான் நிற்கின்றன. சொல்லாவிட்டால் லொரேன் இன்னும் ஒரு கோடை நம்பியிருப்பார். ஊசி மருந்தால் காப்பாற்ற இன்னும் நேரம் இருந்தால் அந்த நேரமும் போய்விடும். நான்காவது நாள் காலை, அவர் பஸ் ஓட்டி முடித்து வந்த நேரம் பார்த்துப் போய்க் கதவைத் தட்டினேன்.

நின்றபடியே சொன்னேன். ஷொட் என்ற சொல்லை நான் எப்படி விளங்கினேன் என்பதையும், அவர் மரம் எந்த இருபதில் சேர்ந்தது என்பதையும் சொன்னேன்.

"அப்படியானால் அந்தத் தெளிப்பானில் இருந்தது என்ன?"

"தண்ணீர். கொஞ்சம் சவர்க்காரம்."

அவர் கத்தவில்லை. என்னைத் தாண்டி மரத்தைப் பார்த்தார். "நீ தெளிக்கும்போது நான் ஜன்னலுக்குள் இருந்து, உனக்கு நன்றி சொல்லும்படி அவளிடம் சொல்லுவேன்" என்றார். பிறகு, "நீ ஓம் என்று சொன்னாயே, ஸூ" என்றார். மிக மெதுவாகக் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

அவர் அழைத்த மரப் பராமரிப்பாளர் வந்து பார்த்து, உச்சி பாதிக்கு மேல் போய்விட்டது, இனி ஊசி ஏற்றியும் பலனில்லை என்றார். ஒரு வருடம் முந்தியிருந்தால் முயன்றிருக்கலாம் என்றாராம். அந்த வாக்கியத்தை லொரேன் எனக்குக் குறுஞ்செய்தியில் அனுப்பினார், வேறு எதுவும் எழுதாமல். வெட்டும் நாளும் நேரமும் அடுத்த செய்தியில் வந்தன. வரச் சொல்கிறாரா, வரவேண்டாம் என்கிறாரா என்று தெரியாமலே போனேன். நான்கு மணித்தியாலத்தில் மரம் துண்டுகளாகப் புல்லில் கிடந்தது. லொரேன் வெளியே வந்து ஒரு துண்டைக் காலால் என் பக்கம் உருட்டிவிட்டு, "உனக்குத் தேவைப்படும், எடுத்துக்கொள்" என்றார். தேநீர் வைக்கவில்லை. அந்தத் துண்டைப் பேராசிரியரின் காரில் ஏற்றும்போது நான் அழுதேன். மரத்துக்காகவா, கதவுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆய்வுகூடத்தில் பட்டையை உரித்தேன். உள்ளே புழுப் பாதைகள், யாரோ அவசரத்தில் கிறுக்கியது போல. பாதைகளின் ஓரத்துப் படையைச் சீவி, அரைத்து, கருவியில் ஏற்றிப் பார்த்தால், கசப்பு மிக உயரத்தில் இருந்தது. மல்லிகை தெளித்த மரங்களில் பலவற்றைவிட உயரம். யாரும் தூண்டாமலே அந்த மரம் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறது, செய்யத் தொடங்கியது மட்டும் பிந்திவிட்டது. ஆய்வேட்டில் அது ஒரு நல்ல வரைபடம். பேராசிரியர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மரத்துக்குத் தெளித்தது என்ன என்பதை அளவீடு முடியுமுன்பே உரிமையாளரிடம் நான் சொல்லிவிட்டதையும் ஆய்வேட்டின் அதே பக்கத்தில் அடிக்குறிப்பாக எழுதினேன்.

குறிஞ்சிப்பிட்டியில் மழை பெய்தது. மழைக்குப் பிறகு ஓலைகளில் கறுப்புக் கரைந்து பச்சை தெரியத் தொடங்கியது. மழை கழுவியதா, குளவிகள் வந்தனவா, வாப்பா அடித்த சவர்க்காரத் தண்ணீரா என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒப்பிட்டுப் பார்க்க மரம் இல்லை. வாப்பா எல்லா மரத்துக்கும் அடித்துவிட்டார். "எங்கட டொக்டர் மகள் சொன்னது" என்று பள்ளிவாசலில் சொல்லித் திரிகிறாராம். "மழையா இருக்கும் வாப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "மழைய அனுப்பினவன்தான் உங்களுக்கும் அறிவக் குடுத்தான்" என்று முடித்துவிட்டார்.

அதன் பிறகுதான் அவர் அந்த விடயத்தை எடுத்தார். மன்னாரில் எங்கள் காணி இன்னும் இருக்கிறது. போர் முடிந்த பிறகு ஒரு தடவை எங்களைக் கூட்டிப் போய்க் காட்டினார். காடு மூடிக் கிடந்த இடத்தில் நின்று, கிணறு இங்கே, குசினி அங்கே என்று கையை நீட்டினார். நீட்டிய இடத்தில் எல்லாம் மரங்கள்தான் நின்றன. அன்று மாலையே புத்தளம் பஸ் ஏறித் திரும்பினோம். இப்போது அதில் ஒரு மூலையைத் துப்புரவாக்கியிருக்கிறாராம். குறிஞ்சிப்பிட்டித் தென்னையில் எடுத்த பத்துக் கன்றுகளை அங்கே கொண்டுபோய் நட வேண்டுமாம்.

"ஆனா மகள், அந்த ஈயும் சேர்ந்து வந்திருமா? அங்க அது இல்லையெண்டு கேள்வி."

ஓலையோடு கன்று போனால் ஓலையடியில் முட்டையும் போகும். கொண்டுபோக வேண்டாம், அங்கேயே ஒரு நாற்றுமேடையில் வாங்குங்கள் என்பதுதான் பாடப்புத்தகப் பதில். அதைச் சொன்னேன்.

"வாங்கலாம். ஆனா இது நான் வெச்ச மரம், நான் தண்ணி ஊத்தின மரம்" என்றார். "முப்பது வருஷமா இங்க இருந்திட்டு, கையில ஒண்டுமில்லாம அங்க போய் நிக்கச் செல்றீங்களா?"

நாளைக்கு எடுக்கிறேன் என்று வைத்தேன். மறுநாள், "கன்று வேணாம் வாப்பா. காயக் கொண்டு போங்க" என்றேன். "முத்தின காய், மட்டையோட. நல்லாக் கழுவிக் காய வைங்க. அந்த ஈ ஓலையிலதான் இருக்கும். காய அங்கேயே மண்ணுல வெச்சு முளைக்க விடுங்க." நான் இத்தனை வருடம் படித்ததில், ஒருவருக்கு நேராகப் பயன்பட்டது என்று நான் ஓரளவு நம்புவது இந்த ஒன்றைத்தான்.

மாதங்கள் போயின. இந்த ஏப்ரலில் லொரேனிடமிருந்து ஒரு படம் வந்தது. வெட்டிய அடிக்கட்டையைச் சுற்றிப் புதுத் துளிர்கள். "வந்து பார்" என்று எழுதியிருந்தார். போனேன். ஆஷ் அடிக்கட்டை இப்படித் துளிர்க்கும். மெல்லிய தண்டை வண்டு தொடாது. தண்டு பருத்ததும் வரும். இதை அவர் கேட்பதற்கு முன்பே, எந்தச் சொல்லிலும் சந்தேகம் வராதபடி, இரண்டு முறை சொன்னேன். "எத்தனை வருடம்?" என்று கேட்டார். ஐந்தாறு இருக்கலாம், நிச்சயம் இல்லை என்றேன். "பரவாயில்லை, எனக்கும் எத்தனை என்று நிச்சயம் இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தேநீருக்குக் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து வாப்பா அழைத்தார். மன்னாரில் பின்னேரம். முளைத்த கன்று ஒன்றைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார். போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தார். வெட்டிய பற்றைகளும், வெள்ளை மணலும், வாப்பாவின் முழங்கைகளும் தெரிந்தன. "பாருங்க மகள், ஓலை சுத்தமா இருக்கா?" என்று கன்றின் இலையைத் திருப்பிக் காட்டினார். இலையில் வெள்ளையாக ஒரு புள்ளி. மணலா, ஈயா என்று பார்க்கப் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டு வந்தேன். அப்போது இணைப்பு அறுந்து படம் உறைந்தது.

உறைந்த படத்தில் வாப்பா குனிந்தபடி நின்றார், இலை திரும்பியபடி நின்றது. திரையின் கீழ் மூலையில், என்னைக் காட்டும் சின்னச் சதுரம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தடித்த ஜக்கெட்டும் கம்பளித் தொப்பியுமாக, மன்னார் மணலின் மேல், அந்தக் கன்றுக்கு ஒரு சாண் தள்ளி, குளிரில் வாயில் புகை வர நான் நின்றேன்.